பெயர் காக்கும் ஏடு



ஒருவருக்குப் பெயர் இருப்பது ஒன்று. அப்பெயரைச் சொல்லித் தேடி வருபவர் அவரிடமே வந்து சேர்வது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே எங்கோ ஓர் ஏடு இருக்கின்றது. அவ்வேடு செம்மையாயிருக்கும்வரை அதனை எவரும் நினைப்பதில்லை. அதிலே பிழை நேர்ந்த அன்றுதான் அப்படியொன்று உண்டென்பதே தெரியவருகின்றது. இணையத்தில் பெயர்களைக் காத்துவரும் அத்தகைய ஏட்டின் வரலாற்றையே இன்று நோக்க விழைகின்றேன். பரீட்சைப் பெறுபேறு முதல் வங்கிக் கணக்கு வரை இணையத்தின் வழியே வந்துவிட்ட இக்காலத்தில், கல்முனைக்குடியிலே கைத்தொலைபேசியும் கையுமாயிருக்கும் மாணவனுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு.

கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதரோ பெயர்களையே நினைவில் வைக்க வல்லவர். ஆதலின், பெயரைச் சொன்னால் எண்ணைக் காட்டும் பட்டியல் ஒன்று தொடக்கத்திலேயே தேவைப்பட்டது. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய ஆர்ப்பாநெற் வலையமைப்புக்கு அப்பட்டியல் ஒரே கோப்பாக இருந்தது. கலிபோர்னியாவிலுள்ள ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில், எலிசபெத் பைன்லர் என்னும் அம்மையாரின் தலைமையில் இயங்கிய தகவல் நிலையம் அதனைப் பேணி வந்தது. புதிய கணினி ஒன்று சேருமாயின் அங்கே அறிவித்தல் வேண்டும். ஏனையோர் அக்கோப்பை அவ்வப்போது பெற்றுத் தத்தம் கணினியில் வைத்துக்கொள்ளல் வேண்டும். கணினிகள் சிலவாயிருந்த நாளில் இம்முறை நன்றே நடந்தது. அவை பெருகியபோது, ஒரே கையில் இருந்த ஏடு தாங்கவில்லை. ஒருவர் படியெடுத்து முடிக்குமுன் மூலம் மாறியிருந்தது.

1983ஆம் ஆண்டில், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய போல் மொக்கபெட்ரிஸ் இதற்கொரு தீர்வை வகுத்தார். ஏட்டைப் பெரிதாக்குவது அவருடைய வழியன்று. அதனைப் பகிர்ந்து கொடுப்பதே அவர் கண்ட வழி. நமது கிழக்குக் கரை முஸ்லிம் ஊர்களின் குடிமுறையை அறிந்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. குடிக்கொரு மரைக்காயர் பள்ளிவாசல் நிருவாகத்தில் அமர்வது பழைய ஒழுங்கு. ஊரார் அனைவரின் விவரத்தையும் ஒருவரே மனனஞ் செய்யவேண்டியதில்லை. இன்ன குடிக்கு இன்னார் பொறுப்பு என்று தெரிந்தாற் போதும். குடிக்குள் யார் யார் என்பதை அக்குடியின் மரைக்காயர் சொல்வார். மொக்கபெட்ரிஸின் ஏற்பாடும் அவ்வாறே அமைந்தது. உச்சியிலுள்ள மூலச் சேவையகம் எல்லாப் பெயரையும் அறியாது. நாட்டுப் பெயர் போன்ற ஒவ்வொரு தலைமைப் பெயருக்கும் பொறுப்பானவர் யாரென்பதை மட்டும் அறியும். நாட்டின் சேவையகம் அடுத்த படியிலுள்ளவரைக் காட்டும். இவ்வாறு படிப்படியாக இறங்கி, உரிய எண்ணைக் கொடுக்கவல்ல பெயர்ச் சேவையகத்தை வினா சென்றடைகின்றது.

ஒவ்வொரு பெயர்ச் சேவையகமும் தன் பொறுப்பிலுள்ள பரப்பை வலயம் என்று கொள்கின்றது. கல்வி வலயம் என்பதைக் கேட்டுப் பழகிய நமக்கு இச்சொல் அந்நியமன்று. அவ்வலயத்துக்குரிய ஏடே வலயக் கோப்பு. அதன் தலைப்பில் ஏட்டின் பொறுப்பாளரும் தொடரெண்ணும் குறிக்கப்படும். அதன்கீழ், இவ்வலயத்துக்காக விடையளிக்கும் சேவையகங்கள் எவை, இன்ன பெயருக்கு எண் யாது, அஞ்சல் எங்கே செல்லவேண்டும் என்பன வரிசையாக எழுதப்படும். பெற்ற விடையைக் கேட்டவர் எத்தனை வினாடி நேரம் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பதும் அதிலே உண்டு. 86,400 என்று எழுதினால் ஒருநாள் என்பது பொருள்.

இவ்வேட்டில் நேரும் பிழைகள் பெரும்பாலும் மிகச் சிறியவை. ஏட்டைத் திருத்தியவர் தொடரெண்ணை உயர்த்த மறப்பதுண்டு. துணைச் சேவையகம் தொடரெண்ணைப் பார்த்தே மாற்றத்தை அறிகின்றது. எண் உயராவிடின் பழைய படியையே வைத்திருக்கும். ஆகவே ஒரே வினாவுக்கு ஒரு சேவையகம் புதிய விடையையும் மற்றொன்று பழைய விடையையும் தரும். இன்னொருவர் எண்ணை மாற்றுமுன் நினைவு நேரத்தைக் குறைக்கத் தவறுவார். அவர் இன்று மாற்றியது சிலருக்கு நாளையே தெரியும். பழுது காண்போர் முதலில் மேற்படியிலுள்ள ஏடு சரியான சேவையகத்தைக் காட்டுகின்றதா என்று பார்ப்பர். பின்னர் ஒவ்வொரு சேவையகத்தையும் தனித்தனியே வினவித் தொடரெண்களை ஒப்பிடுவர். அதன் பின்னரே கோப்பின் வரிகளை ஆராய்வர்.

அவ்வரிகளில் மிகவும் அஞ்சத்தக்கது ஒரு புள்ளி. முழுப்பெயரை எழுதினால் அதன் இறுதியில் முற்றுப்புள்ளி வைக்கவேண்டும் என்பது விதி. புள்ளி இல்லையேல், அது அரைப்பெயர் எனக் கருதி, வலயத்தின் பெயரைச் சேவையகம் தானே ஒட்டிவிடும். விளக்கத்துக்காகத் தமிழிலேயே எழுதிப் பார்ப்போம். கல்முனை.இலங்கை என்னும் வலயத்தில் பாடசாலை.கல்முனை.இலங்கை என்று புள்ளியின்றி எழுதினால், அது பாடசாலை.கல்முனை.இலங்கை.கல்முனை.இலங்கை என்றாகிவிடும். அப்படியொரு பாடசாலை உலகில் எங்கும் இராது. 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆம் நாள் இரவு, சுவீடன் நாட்டின் ஏட்டிலேயே இப்பிழை நேர்ந்தது. வழக்கமான திருத்த வேலையில் இயங்கிய ஒரு சிறு நிரல் இறுதிப் புள்ளியை இடவில்லை. அந்நாட்டுப் பெயரில் பதிவாகியிருந்த ஏறத்தாழ 9 இலட்சம் பெயர்கள் செயலிழந்தன. ஏட்டை ஒரு மணி நேரமளவில் திருத்திவிட்டனர். ஆயினும் தவறான விடையை நினைவில் வைத்துக்கொண்ட கணினிகளிலிருந்து அது நீங்க மேலும் நேரம் சென்றது.

ஏடு செம்மையாயிருப்பினும் அதனை அடைய வழி வேண்டும். ஆகவே ஒரு வலயத்துக்கு இரண்டு சேவையகங்களேனும் இருத்தல் வேண்டும் என்றும், அவை ஒரே இடத்தில் இராமை நன்று என்றும் வகுத்தனர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் வந்த கரையிலே வாழும் நமக்கு, மறுபடியை வேறிடத்தில் வைக்கவேண்டிய காரணத்தை எவரும் விளக்கவேண்டியதில்லை. இடம் வேறாயிருந்தாலும் வழி ஒன்றாயின் பயனில்லை என்பதை 2021 ஒக்டோபர் 4ஆம் நாள் காட்டிற்று. அன்று பேஸ்புக் நிறுவனத்தின் பெயர்ச் சேவையகங்கள் இயங்கிக்கொண்டே இருந்தன. அவற்றுக்குச் செல்லும் வழிகள் மட்டும் அற்றுப்போயின. ஏறத்தாழ ஆறு மணி நேரம் அந்நிறுவனத்தின் சேவைகள் உலகெங்கும் முடங்கின.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கைக்குரிய எல்.கே. என்னும் ஈரெழுத்துக் குறி 1990ஆம் ஆண்டில் மூல ஏட்டில் ஏறியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து அப்பதிவேடு வளர்ந்தது. ஆயின் பெயர்கள் ஆங்கில எழுத்திலேயே அமையவேண்டியிருந்தன. எழுத்து, இலக்கம், சிறுகோடு ஆகிய இவையன்றி வேறெதையும் பழைய வழக்கம் ஏற்கவில்லை. பிறமொழிப் பெயரை அவ்வெழுத்துகளின் கோவையாக மாற்றியெழுதும் முறை 2003ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. நாம் தமிழில் எழுதுகின்றோம்; ஏடோ அதன் மறுவடிவத்தையே சேமிக்கின்றது. அதன் பயனாக 2010ஆம் ஆண்டில் ‘இலங்கை’ என்னும் நம் சொல், சிங்கள வடிவமாகிய ‘லங்கா’வுடன், உலகின் மூல ஏட்டில் இடம்பெற்றது.

இது பெருமைக்குரியதே. எனினும், ஏட்டில் ஏறிய பெயர் காவலின்றித் தானே நிலைத்துவிடாது. 2021 பெப்ரவரி 6ஆம் நாள் நம் நாட்டு ஈரெழுத்துக் குறியின் கீழுள்ள சில பெயர்கள், கூகுளின் இலங்கைப் பெயர் உட்பட, வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. பெயரைச் சரியாக எழுதியவரும் தவறான வாசலுக்கே சென்றார். சில மணி நேரத்துள் அது சீராக்கப்பட்டதெனினும், பெயரின் மதிப்பு ஏட்டின் காவலில் உள்ளதென்பதை அது உணர்த்திற்று.

ஆதலின், இணையத்தில் பெயர் பதியும் பாடசாலையும் பள்ளிவாசலும் சங்கமும் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். நம் ஏட்டை வைத்திருப்பவர் யார்? அதன் மறுபடி எங்கே உள்ளது? திருத்தம் செய்தபின் அதனைச் சரிபார்ப்பவர் யார்? பெயரைப் பதிந்து தந்தவர் ஊர்விட்டுச் சென்றபின் இவ்வினாக்களுக்கு விடை தேடுவது எளிதன்று. நம் பிள்ளைகளுட் சிலரேனும் இவ்வேடுகளை எழுதவும் பிழை காணவும் கற்பாராயின், தமிழிற் பதிந்த நம் ஊர்ப் பெயர்கள் தேடி வருபவரை உரிய வாசலிலே சேர்க்கும்.