மூச்சை எண்ணிய வரலாறு

நிமோனியா என்பது நுரையீரலின் காற்றறைகளில் நீரும் சீழும் நிறைந்து மூச்சைத் திணறச் செய்யும் நோயாகும். பண்டைக் கிரேக்க வைத்தியர்களே காய்ச்சல், இருமல், விலாவலி ஆகிய குறிகளால் இதனை அறிந்திருந்தனர். ஆயினும் மூடிய மார்பினுள் நிகழ்வதை அறிய வழி யாது? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1761-ல் வியன்னா நகரத்து வைத்தியர் ஔவன்புருகர், மார்பை விரலால் தட்டி ஓசையை ஆராயும் முறையை வெளியிட்டார். விடுதி நடத்தியவரின் மைந்தராகிய அவர், பீப்பாயைத் தட்டி உள்ளிருக்கும் மதுவின் அளவை அறியும் வழக்கத்தை இளமையிலேயே கண்டிருந்தார் என்பர். காற்று நிறைந்த இடம் முழங்கும். நீர் கோத்த இடம் மந்தமாக ஒலிக்கும். 1816-ல் பாரிஸில் லேனெக், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி மார்பில் வைத்துக் கேட்டார், ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. 1895-ல் ராண்ட்கன் கண்ட எக்ஸ் கதிர்கள் நுரையீரலின் நிழலையே காட்டின.

ஆனால், வைத்தியரும் கருவியும் எட்டாத சிற்றூர்களில் குழந்தைகள் இந்நோயால் மாண்டவண்ணம் இருந்தனர். பப்புவா நியூகினியில் பணியாற்றிய வைத்தியர்கள், விரைந்த மூச்சே குழந்தைகளிடம் இந்நோயைக் காட்டும் நல்ல அடையாளம் என 1984-ல் எழுதினர். நம் நாட்டில், மகாராஷ்டிர மாநிலத்துக் கட்சிரோலியில், டாக்டர் அபய் பங்கும் டாக்டர் ராணி பங்கும் எண்ணத் தெரியாத மருத்துவச்சிகளுக்கும் இவ்வித்தையைக் கற்பித்தனர். மணிகள் கோத்த சட்டமும் ஒரு நிமிட மணற்கடிகையுமே கருவி. பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணி நகர்ந்தால் நோயென்று கொண்டு மருந்தளிக்க வேண்டும். 1990-ல் வெளியான ஆய்வின்படி, இம்முறை நடந்த ஊர்களில் நிமோனியாவால் நேர்ந்த குழந்தை மரணம், பிற ஊர்களில் நேர்ந்ததில் ஏறத்தாழப் பாதியே.

வடபுலத்துக் குளிரில் வாழும் நம் குடும்பங்களுக்கும் இவ்வரலாறு பயன்படும். இருமும் குழந்தை அழாது அமைதியாயிருக்கையில், ஒரு முழு நிமிடம் அதன் மூச்சை எண்ணுக. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஓராண்டுக்குட்பட்டதற்கு 50, ஐந்தாண்டுக்குட்பட்டதற்கு 40 என்னும் அளவை எட்டினால், அன்றே வைத்தியரை நாடுக. மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்புறம் உட்குழிந்தாலும், குழந்தை பாலருந்த மறுத்தாலும், மயங்கிச் சோர்ந்தாலும் சிறிதும் தாமதியாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. அவ்வூர் மொழி நமக்குச் சரளமாக வாராவிடினும், எண்ணிய தொகையைச் சொன்னால் வைத்தியர் விளங்கிக்கொள்வார்.