காற்று மாசும் குடியிருப்பும்: குழந்தைகள் உடல்நலம் (இங்கிலாந்து)

பிறக்கும்போது குழந்தையின் நுரையீரல் முழு வளர்ச்சி பெற்றிருப்பதில்லை. காற்று நுண்ணறைகளில் பெரும்பாலானவை பிறந்த பிறகே உருவாகின்றன. பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடும்போது, கைக்குழந்தை 30 முதல் 60 முறை விடுகிறது. அதனால் உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவர்களைவிடக் கூடுதல் மாசு அதன் உடலுக்குள் போகிறது. மூச்சுக்குழாயும் குறுகலானது, லேசாக வீங்கினாலே இளைப்பு வந்துவிடும்.

வெளியே டீசல் வண்டிகளின் நைட்ரசன் டை ஆக்சைடும் நுண்துகள்களும் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கி, ஆஸ்துமாவைத் தூண்டுகின்றன. வீட்டுக்குள் வருவது வேறு வகை. சமையல், குளியல், துணி உலர்த்துதல் ஆகியவற்றால் எழும் ஈரம் வெளியேற வழியில்லாவிட்டால், குளிர்ந்த சுவரில் நீராகப் படிந்து கரும்பூஞ்சை பிடிக்கிறது. அதன் வித்துகள் மூச்சோடு உள்ளே போகின்றன. இவ்விரண்டும் குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடியவை என்பதை இங்கிலாந்தின் இரண்டு மரண விசாரணைகள் பதிவுசெய்தன.

எல்லா அடூ-கிசி-டெப்ரா என்ற சிறுமி தென்கிழக்கு லண்டனின் லூவிஷம் பகுதியில், நெரிசல் மிகுந்த சவுத் சர்க்குலர் சாலையை ஒட்டி வாழ்ந்தாள். கடும் ஆஸ்துமாவால் மூன்றாண்டுகளுக்குள் முப்பது முறைக்கு நெருக்கமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 2013 பிப்ரவரியில் ஒன்பது வயதில் இறந்தாள். 2014இல் நடந்த முதல் விசாரணை காற்று மாசைக் கணக்கில் எடுக்கவில்லை. தாய் ரோசமண்ட் விடவில்லை. பேராசிரியர் ஸ்டீஃபன் ஹோல்கேட், வீட்டுக்கு ஏறத்தாழ ஒரு மைல் தள்ளியிருந்த கேட்ஃபோர்டு கண்காணிப்பு நிலையத்தின் அளவீடுகளைச் சிறுமி மருத்துவமனையில் சேர்ந்த நாட்களோடு ஒப்பிட்டு, மாசுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை 2018இல் எடுத்துக்காட்டினார். பழைய தீர்ப்பு ரத்தானது. 2020 டிசம்பர் 16 அன்று விசாரணை அதிகாரி ஃபிலிப் பார்லோ இறப்புக்கான காரணங்களுள் ஒன்றாகக் காற்று மாசையும் சேர்த்தார். பிரிட்டனில் அதுவே முதன்முறை. மாசின் ஆபத்தைத் தாய்க்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதையும் அவர் குறித்தார். எத்தனை முறை சிகிச்சை அளித்தாலும், குழந்தை திரும்பிப் போவது அதே சாலையோரத்துக்குத்தான்.

அத்தீர்ப்பு வெளிவந்த ஐந்தாம் நாள், ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். வசித்தது ஒரே படுக்கையறை கொண்ட, சமூக வீட்டுவசதி அமைப்பின் வாடகைக் குடியிருப்பு. பூஞ்சையைப் பற்றித் தந்தை 2017இலேயே புகார் சொன்னார். அதன் மேலே பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். அக்குடும்பத்தின் வாழ்க்கைமுறைதான் காரணம் என்று வீட்டு நிர்வாகம் தானாகவே முடிவுகட்டியிருந்தது. நீண்டகாலம் பூஞ்சைக்கு ஆட்பட்டதால் வந்த சுவாசக் கோளாறே இறப்புக்குக் காரணம் என விசாரணை அதிகாரி ஜோஆன் கியர்ஸ்லி 2022 நவம்பரில் தீர்ப்பளித்தார்.

இதையடுத்து வந்த 2023ஆம் ஆண்டுச் சமூக வீட்டுவசதி (ஒழுங்குமுறை) சட்டத்தில் ‘அவாப் சட்டம்’ எனப்படும் விதிகள் இடம்பெற்றன. 2025 அக்டோபர் 27 முதல், சமூகக் குடியிருப்புகளில் உயிராபத்தான பழுதுகளை 24 மணி நேரத்துக்குள் கவனித்தாக வேண்டும். ஆபத்தான ஈரம், பூஞ்சை பற்றிய புகாரைப் பத்து வேலை நாட்களுக்குள் ஆராய்ந்து, ஆராய்ந்த பின் ஐந்து வேலை நாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பானதாக்க வேண்டும்.

சாலைக்காற்றுக்கு இப்படியொரு கெடு விதிக்கப்படவில்லை. லண்டனில் புகை மிகுந்த வண்டிகளுக்குக் கட்டணம் விதிக்கும் மண்டலம் 2023 ஆகஸ்டில் மாநகர் முழுவதற்கும் விரிந்தது நல்ல மாற்றம். ஆனால் எல்லாவின் பெயரால் அறியப்படும் தூய காற்று மசோதா 2022இல் பிரபுக்கள் அவையில் நிறைவேறியும் சட்டமாகவில்லை. நைட்ரசன் டை ஆக்சைடின் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. இங்கிலாந்தின் சட்ட வரம்போ 40.