நிறம் மாறிய நட்சத்திரப் போர்

உங்கள் வீட்டு ஆல்பத்தில் 1970களில் எடுத்த வண்ணத் திருமணப் படம் இருந்தால் சற்று எடுத்துப் பாருங்கள். பச்சைச் சேலை பழுப்பாகவும் முகங்கள் செக்கச் சிவந்தும் இருக்கக்கூடும். படம் பிடித்தவர் மேல் குற்றமில்லை. வண்ணப் படத்தில் மூன்று சாயங்கள் அடுக்கடுக்காக உள்ளன. அவை ஒரே வேகத்தில் மங்குவதில்லை.

திரைப்படச் சுருளுக்கும் இதே கதிதான். அக்காலத்தில் பெரும்பாலான பிரதிகள் ஈஸ்ட்மன் வகைச் சுருளில் அச்சாயின. அதில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும், மிஞ்சுவது சிவப்பு. டெக்னிகலர் முறை வேறு. துணியில் அச்சுக் குத்துவதுபோல் மூன்று சாயங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருளில் பதிப்பார்கள். அந்த நிறம் எளிதில் போகாது, செலவுதான் அதிகம்.

1977 மே 25ஆம் நாள் அமெரிக்காவில் வெளிவந்த படம் 'ஸ்டார் வார்ஸ்'. இயக்கியவர் ஜார்ஜ் லூக்காஸ். விண்வெளியில் நடக்கும் அக்கதையைப் பார்க்க மக்கள் வரிசை பிடித்து நின்றார்கள். 1997இல் அவரே படத்தைத் திருத்தி மீண்டும் வெளியிட்டார். கணினியால் புதிய மிருகங்கள் சேர்ந்தன. மதுக்கடைக் காட்சியில் கதாநாயகர்களுள் ஒருவன் எதிரியை முந்திக்கொண்டு சுடுவான். புதுப் படத்தில் எதிரி முதலில் சுடுகிறான். ஒரு குண்டுதானே என்று நினைக்காதீர்கள். அவன் குணமே அதனால் மாறிவிடுகிறது! 2004இல் வந்த தட்டில் நிறமும் மாறியது. கதாநாயகனின் நீல ஒளிவாள் ஒரு காட்சியில் பச்சையாகத் தெரிந்தது.

தம் படத்தைத் திருத்த அவருக்கு உரிமை இல்லையா? உண்டு. ஆயினும் பழைய வடிவத்தையும் நல்ல தரத்தில் தந்திருக்கலாமே. 2006இல் ஒருமுறை தந்தார்கள். அதுவும் 1993இல் தயாரித்த பழைய வீடியோப் பதிவிலிருந்து எடுத்த மங்கலான படம். இத்தனைக்கும், பழைய படங்களைப் பிறர் மாற்றுவதை எதிர்த்து 1988இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின்முன் பேசியவர் இதே லூக்காஸ்!

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. செக் நாட்டு ஆங்கில ஆசிரியர் ஒருவர் (நம் தொழில்காரர்தான்!) பல பதிவுகளை ஒட்டுப்போட்டு 1977ஆம் ஆண்டு வடிவத்தைக் கணினியில் மீண்டும் அமைத்தார். மற்றொரு குழு பழைய டெக்னிகலர் பிரதியைத் தேடிப் பிடித்து, கட்டம் கட்டமாகக் கணினியில் ஏற்றி, தூசியையும் கீறலையும் நீக்கி 2018இல் முடித்தது. நொடிக்கு 24 கட்டம். 121 நிமிடப் படத்தில் ஏறக்குறைய 174,000 கட்டங்கள். கூலி யாரும் கொடுக்கவில்லை. உரிமையாளரின் அனுமதியும் இல்லை. சட்டப்படி அது சரியன்று. ஆனால் அந்த உழைப்பைத் திருட்டு என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சரியான நிறம் எது? ஒரு பிரதியில் உள்ள சாயல் இன்னொன்றில் இல்லை. கொட்டகை விளக்கின் ஒளி வேறு, கணினித் திரையின் ஒளி வேறு. சிறுவயதில் பார்த்தேன், வானம் இப்படித்தான் இருந்தது என்று ஒருவர் சத்தியம் செய்வார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் மறுப்பார். நினைவும் சாயம் போகிறதே! சில ரசிகர்கள் தம் விருப்பத்துக்கு நிறத்தை ஏற்றிவிட்டு, இதுவே மூலம் என்கிறார்கள். அவர்கள் செய்வதும் லூக்காஸ் செய்ததுதான்.

ஆகவே மங்காத பழைய பிரதிதான் சாட்சி. பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் காப்பகத்தில் அத்தகைய டெக்னிகலர் பிரதி ஒன்று இருந்தது. 2025 ஜூன் 12ஆம் நாள் லண்டனில் அதை மக்களுக்குத் திரையிட்டார்கள். தொடக்கத்தில் மேலேறிச் செல்லும் எழுத்துகளில், 1981இல் சேர்க்கப்பட்ட 'நான்காம் பாகம்' என்ற வரி அதில் இல்லை.