காந்தளூர் மரியாதை: உண்டவனுக்கு ஒரு நீதி, வந்தவனுக்கு ஒரு நீதி

அண்டை வீட்டான் பிழை செய்தால் ஊர் முகம் சுளிக்கிறது. வழிப்போக்கன் அதே பிழையைச் செய்தால் காவலரை அழைக்கிறது, அல்லது 'போகிறவன்தானே' என்று பொறுத்துக்கொள்கிறது. இந்த வேறுபாட்டைப் பாரபட்சம் என்று ஒதுக்கிவிடலாகாது. அதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது.

திருவனந்தபுரம் வலியசாலையில் காந்தளூர் மகாதேவர் கோயில் உள்ளது. பழைய காந்தளூர்ச்சாலை இங்கேயே இருந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. அச்சாலையின் ஒழுங்கை நாம் அறிவது வேறோர் ஊரின் செப்பேட்டால். கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் கோயில் எடுத்து, 95 சட்டர்களுக்கு (மாணவர்களுக்கு) ஒரு சாலையும் நிறுவினான். அது காந்தளூர் மரியாதைப்படி நடைபெற வேண்டும் என்பது ஏற்பாடு. 'மரியாதை' என்பதற்கு இங்கே வரம்பு, நெறி என்று பொருள்.

அவ்வரம்பு எதைத் தடுத்தது? ஒருவரையொருவர் இழித்துப் பேசலாகாது; படைக்கலத்தோடு அவை புகலாகாது; சாலையுள் சூதாடலாகாது. வேதம் ஓத வந்தவர்களுக்கே இத்தனை தடைகள் வேண்டியிருந்தன என்பது எண்ணத்தக்கது. மீறியவர்க்குப் பொன் தண்டமும் சோறு மறுத்தலும் தண்டனைகளாயின.

சோறு மறுத்தல் என்னும் தண்டனையைக் கூர்ந்து நோக்குக. ஒரே பந்தியில் நாளும் உண்பவனுக்கே அது தண்டனையாகும். நாளை அவன் மீண்டும் இலை முன் அமர்வான் என்ற உறுதி அதனுள் அடங்கியிருக்கிறது. உறவை அறுப்பதன்று, உறவைக் கொண்டே திருத்துவது அதன் நோக்கம்.

இப்பந்தியில் இடமில்லாதவனை என்ன செய்வது? முதலாம் இராசராசன் காந்தளூர்ச்சாலையில் 'கலமறுத்த' செய்தியை அவன் மெய்க்கீர்த்தி பெருமையோடு கூறும். கலம் என்பது மரக்கலமா, உண்கலமா என்ற விவாதம் நீண்டது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இச்சாலை பற்றித் தனிநூலே எழுதினார். எப்பொருள் கொண்டாலும், வெளியிலிருந்து வந்த வேந்தனுக்குப் பொன் தண்டம் விதிக்கச் சாலையால் இயலாது.

வலியசாலைக்குத் தெற்கே கோவளம். 1970களில் ஹிப்பிகள் அங்கே வந்து குவிந்தார்கள். சுற்றுலாப் பயணி எல்லை மீறினால் கடற்கரை ஊர் அவனிடமிருந்து எதை மறுக்கும்? அவன் பந்தி வேறு ஊரில் இருக்கிறது. அவனால் வரும் வருவாயோ ஊரின் வாயை அடைக்கிறது. எஞ்சுவன காவல் நிலையமும் மௌனமுமே.

அக்கிரகாரத்தில் இரு வீட்டுக்கு ஒரு சுவர். அங்கே பேச்சைக் குறைப்பதும், விசேஷத்துக்கு அழைக்காமல் விடுவதும் சோறு மறுத்தலின் எச்சங்கள். அவற்றில் கொடுமையும் உண்டு. யாரைப் பந்தியில் சேர்ப்பது என்பதைச் சாதி முடிவு செய்த காலம் அது. ஆயினும் இன்று அடுக்ககத்தில் எதிர் வீட்டான் பெயரே தெரியாதபோது, அவன் இரைச்சலுக்கும் காவல் நிலையத்தையே நாடுகிறோம். அண்டை வீட்டானும் நமக்குச் சுற்றுலாப் பயணி ஆகிவிட்டான்.

வலியசாலைத் தெருக்களில் வழங்கிய இத்தகைய சிறு தண்டனைகளை அறிந்தவர்கள் பதிவிட்டால், எழுதப்படாத ஒரு வரலாறு காக்கப்படும்.