பேய்க்கும் ஒரு சட்டம்

ஆம்பூரில் பேய்க்கு வேலை இருக்க நியாயமில்லை. செருப்பைக் கண்டால் பேய் ஓடிவிடும் என்பது நம் பாட்டிமார் வகுத்த சட்டம். தலைமாட்டில் ஒரு ஜோடி செருப்பை வைத்துக்கொண்டு படுத்தால் கெட்ட கனவுகூட அண்டாது என்பார்கள். தோல் பதனிடுவதும் செருப்புத் தைப்பதுமே பிழைப்பாக உள்ள ஊரில், பாவம், பேய் எங்கே கால் வைக்கும்? அதற்குக் கால் தரையில் பாவாது என்பது வேறொரு சட்டம்!

இந்தச் சட்டங்கள் கதைக்குக் கதை மாறுகின்றன. வேதாளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் அது தொங்கியது சிம்சுபா மரத்தில்; அசோகவனத்தில் சீதை அமர்ந்திருந்தாளே, அந்த இனத்து மரம். தமிழுக்கு வந்ததும் நம் கொல்லைப்புறத்து முருங்கையில் ஏறிக்கொண்டது. 1870-இல் ரிச்சர்டு பர்ட்டன் அதை ஆங்கிலமாக்கியபோது, இரத்தம் குடிக்கும் பேய்க்குரிய 'வாம்பயர்' என்ற பெயரைச் சூட்டிவிட்டார். வேதாளம் விக்கிரமனிடம் கேட்டதோ இரத்தமல்ல, புதிருக்கு விடை!

சீமைப் பேய்க்கும் இதே கதிதான். 1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுகிறான். அவன் வலிமைதான் குறைகிறது. 1922-இல் ஜெர்மனியில் எடுத்த 'நாஸ்பெராட்டு' என்னும் மௌனப் படத்தில் காலை வெயில் பட்டு இரத்தப் பேய் மாய்ந்தது. பிறகு அதுவே ஆதிகாலச் சட்டம்போல் ஆகிவிட்டது. ஆனால் ஸ்டோக்கர் எழுதிய சட்டங்களில் ஒன்று என்னை விடவில்லை: வீட்டிலுள்ளவர் யாரேனும் அழைத்தாலன்றி டிராகுலா முதன்முறை வாசற்படி தாண்ட முடியாது.

அதைப் படித்ததும் பழையனூர் நீலி நினைவுக்கு வந்தாள். ஆம்பூரில் ரயிலேறிச் சென்னைக்குப் போகிறவர்கள், அரக்கோணத்துக்கு அப்பால் திருவாலங்காடு நிலையத்தைக் கடந்திருப்பார்கள். அதை அடுத்ததுதான் பழையனூர்.

முற்பிறவியில் கணவனால் கொலையுண்டவள் நீலி. மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் தொடர்கிறாள். அவன் கையில் கத்தி இருக்கும்வரை நெருங்க முடியாது; அது அவளுக்குள்ள சட்டம். ஆகவே ஒரு கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, "என் கணவர் என்னைக் கைவிட்டார்" என்று ஊர்ச்சபையில் அழுகிறாள். எழுபது வேளாளர்கள் நம்பினார்கள். "உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை" என்று சொல்லிக் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடந்தான். சொன்ன சொல்லைக் காக்க எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள்.

சமணர்களின் நீலகேசியில் இதே நீலி, முனிவர் ஒருவரை மிரட்டப் போய்த் தோற்று, அறம் கேட்டுத் திருந்தி, பிற சமயத்தாரோடு வாதிடும் பண்டிதையாகிறாள். கொல்லாமையைப் போற்றியவர்கள் பேயையும் கொல்லவில்லை. வாக்கைப் போற்றியவர்கள் வாக்குக்காக மாண்டவர்களைப் பாடினார்கள். அவரவர் பேய்க்கு எழுதிய சட்டத்தில் அவரவர் மனம் தெரிகிறது.

நம் மனம் எதில் தெரிகிறது? பொய்யழுகையை 'நீலிக் கண்ணீர்' என்கிறோம். குழந்தை பொய், சரி. அவன் அவளுக்குக் கணவனாக இருந்தது பொய்யா? அவளைக் கொன்றது பொய்யா? எழுபது பேரின் வாய்மையை நினைவில் வைத்தோம், கொன்றவனை மறந்தோம். கொலையுண்டவளின் கண்ணீரை மட்டும் பழமொழியாக்கி, இன்றும் நாலு பேர் முன்னே அழுதுகொண்டு நியாயம் கேட்டு வருகிற பெண்ணின் மேல் வீசுகிறோம்.

கதையிலுள்ள பேய்க்குச் செருப்பு போதும். இந்தப் பழமொழியை விரட்ட எதைத் தலைமாட்டில் வைப்பது?