உழைப்புக் கருவியும் உடைமை உரிமையும்: காட்சி விளைவு மென்பொருள் துறையில் மூலதனத்தின் மையப்படுதல்

திரைப்படத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதுவோர் நம்மிடையே பெரும்பாலும் அதன் உள்ளடக்கம், உருவம், அது வெளிப்படுத்தும் வர்க்கக் கண்ணோட்டம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றனர். ஒரு காட்சி எக்கருவியைக் கொண்டு ஆக்கப்பட்டது, அக்கருவி எவருடைய உடைமை, அவ்வுடைமை கைமாறும்போது அதனைக் கொண்டு தொழில் செய்வோரின் நிலை யாதாகின்றது என்ற வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. அச்சியந்திரத்தின் வருகையையும் பதிப்பு முதலாளிகளின் செல்வாக்கையும் விலக்கிவிட்டு நாவலின் தோற்றத்தை விளக்க முற்படுவோரை நாம் கண்டித்து வந்துள்ளோம். சினிமாவைப் பொறுத்தவரை அதே தவறை நாமே செய்கின்றோம். கணினியால் ஆக்கப்படும் காட்சிகள் ஹொலிவூட் படங்களில் பெரும்பங்கு பெற்றுவிட்ட இக்காலத்தில் இக்குறை பாரதூரமானது.

1980களின் நடுப்பகுதிவரை இத்துறையில் மென்பொருள் ஒரு தனிப்பண்டமாகப் பெரிதும் வளர்ந்திருக்கவில்லை. படங்களைத் தயாரித்துக் கொடுத்த கம்பனிகள் தமக்கு வேண்டியதைத் தாமே எழுதிக்கொண்டன. கருவியை ஆக்கியோரும் அதைக் கையாண்டோரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். ரொறன்ரோவைத் தளமாகக் கொண்ட ஒம்னிபஸ் நிறுவனம் 1986இல் டிஜிட்டல் புரொடக்சன்ஸ், றொபேர்ட் ஏபல் அன்ட் அசோசியேற்ஸ் என்ற இரு அமெரிக்க நிறுவனங்களைக் கடன்பட்டு வாங்கிற்று. 1987இல் மூன்றும் ஒருசேர வீழ்ந்தன. ஒம்னிபஸில் பணியாற்றிய கிம் டேவிட்சன், கிரெக் ஹேர்மனோவிச் ஆகிய இருவரும், அங்கு வழங்கிய பிறிஸ்ம்ஸ் என்ற மென்பொருளின் உரிமையைப் பெற்று, அதே ஆண்டில் சைட் எஃபெக்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். ஏபல் நிறுவனத்தின் மென்பொருட் பிரிவு 1988இல் கலிபோர்னியாவின் வேவ்புரொண்ட் கம்பனியிடம் சென்றது.

வேவ்புரொண்ட் 1984இல் தோன்றியது. ரொறன்ரோவின் ஏலியஸ் 1983இலும் மொன்றியலின் சொப்ட்இமேஜ் 1986இலும் தொடங்கப்பட்டன. இவற்றின் பிறப்பில் அரச பணத்தின் பங்கு மறக்கப்படலாகாது. ஏலியஸின் தொடக்க முயற்சிக்குக் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் மானியம் வழங்கிற்று. சொப்ட்இமேஜை நிறுவிய டானியல் லங்லுவா, அரச நிறுவனமாகிய கனடியத் தேசியத் திரைப்படச் சபையில் பணியாற்றியவர். பொதுப்பணத்தால் வளர்க்கப்பட்ட அறிவு தனியுடைமையாக மாறியமை இத்துறைக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இத்தொடக்கம் நினைவிலிருத்தல் வேண்டும்.

1989இல் வெளிவந்த தி அபிஸ் படத்தின் நீருருவம் ஏலியஸைக் கொண்டு ஆக்கப்பட்டது. 1993இல் ஜுராசிக் பார்க்கின் கணினி விலங்குகளை இயக்குவதற்குச் சொப்ட்இமேஜ் பயன்பட்டது. இப்படத்தின் வெற்றிக்குப் பின்னரே பெருமூலதனத்தின் பார்வை இச்சிறு கம்பனிகள்மீது திரும்பியது.

1994இல் மைக்ரோசொப்ட் ஏறத்தாழ 130 மில்லியன் டொலர் பெறுமதிக்குச் சொப்ட்இமேஜை வாங்கியது. அலுவலகத் தட்டச்சு மென்பொருளையும் இயக்க முறைமைகளையும் விற்றுவந்த நிறுவனம் ஒன்றுக்கு டைனோசர்களால் ஆவதென்ன? காரணம் திரைப்படத்தில் இல்லை, கணினிச் சந்தையில் உள்ளது. அக்காலத்தில் இத்துறைக்கான உயர்தரக் கணினிகளின் விற்பனையில் சிலிக்கன் கிரபிக்ஸ் மேலாதிக்கம் பெற்றிருந்தது; சொப்ட்இமேஜும் அதன் கணினிகளிலேயே இயங்கிற்று. தனது விண்டோஸ் என்.ரி. முறைமை கடினமான தொழில்முறைப் பணிக்கும் ஏற்றது என்பதை நிறுவ மைக்ரோசொப்ட்டுக்கு ஒரு சான்று தேவைப்பட்டது. சொப்ட்இமேஜ் அச்சான்று. 1996இல் அது என்.ரி.யில் இயங்கத் தொடங்கியது. தேவை தீர்ந்ததும், 1998இல், மைக்ரோசொப்ட் அதனை அவிட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.

சிலிக்கன் கிரபிக்ஸின் எதிர்வினை இன்னும் தெளிவானது. தனது கணினிகளுக்கு வாங்குவோரைத் தேடித்தந்த மென்பொருள் போட்டியாளரின் கைக்குச் சென்றதைக் கண்ட அந்நிறுவனம், எஞ்சிய இரு பெரும் போட்டியாளர்களான ஏலியஸையும் வேவ்புரொண்டையும் 1995இல் ஒருசேர வாங்கிற்று. இரண்டுக்குமாக ஏறத்தாழ 500 மில்லியன் டொலர் பெறுமதி. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு இதனை விசாரித்தது. ஏலியஸின் மென்பொருள் வேறொரு கணினி உற்பத்தியாளரின் இயந்திரத்திலும் இயங்க வழிசெய்தல் வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளை விதித்துவிட்டு, இணைப்பை அனுமதித்தது. கணினி விற்போருக்கிடையிலான போட்டி பேணப்பட்டது. மென்பொருளை நாடோறும் கையாள்வோர் தெரிவதற்கு இருந்த இரண்டு கம்பனிகள் ஒன்றாயின.

மார்க்ஸ் மூலதனம் நூலின் முதற் பாகத்தில் செறிவு, மையப்படுதல் என்ற இரண்டையும் வேறுபடுத்துவார். உபரிப்பெறுமதி மீண்டும் முதலிடப்பட்டு ஒரு மூலதனம் பெருகுவது செறிவு. ஏற்கெனவே உள்ள மூலதனங்கள் ஒன்றையொன்று விழுங்கி ஒருகைப்படுவது மையப்படுதல். இதற்குச் சமுதாயத்தின் மொத்தச் செல்வம் ஒரு சதமேனும் பெருக வேண்டியதில்லை. காட்சி விளைவு மென்பொருளின் வரலாறு பெரும்பாலும் பின்னதன் வரலாறே. விலைகளை நோக்கினால் இது புலப்படும். மைக்ரோசொப்ட் 130 மில்லியனுக்கு வாங்கிய சொப்ட்இமேஜை அவிட் 1998இல் 285 மில்லியன் பெறுமதிக்குப் பெற்றது. 2008இல் ஓட்டோடெஸ்க் அதனை ஏறத்தாழ 35 மில்லியனுக்கு வாங்கியது. ஏலியஸை 2004இல் சிலிக்கன் கிரபிக்ஸ் 57.5 மில்லியனுக்குத் தனியார் முதலீட்டு நிறுவனம் ஒன்றிடம் விற்றது; 2005இல் உடன்பட்டு 2006 தொடக்கத்தில் ஓட்டோடெஸ்க் அதனை வாங்கியபோது விலை 197 மில்லியன். ஈராண்டுக்குள் மூன்று மடங்குக்கும் மேல். இடைப்பட்ட காலத்தில் நிரல் எழுதுவோரின் உழைப்பு மூன்று மடங்காகிவிட்டதென எவரும் கூறார்.

இத்தகைய இணைப்புகளால் தொழில்நுட்ப ஆதாயமே இல்லை என்று வாதிடுவது என் நோக்கமன்று. ஏலியஸ், வேவ்புரொண்ட் ஆகிய இரண்டின் அறிவும், வேவ்புரொண்ட் 1993இல் வாங்கிய தொம்சன் டிஜிட்டல் இமேஜ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் அறிவும் கூடியே 1998இல் மாயா உருவாயிற்று. அது மெய்யான சாதனை. 2002இல் அதன் அடிப்படைப் பதிப்பின் விலை 7,500 டொலரிலிருந்து 1,999 டொலருக்கு இறங்கியது. ஆனால் அந்த இறக்கம் நிகழ்ந்தது சொப்ட்இமேஜும் ஓட்டோடெஸ்க்கின் திறீ டி.எஸ். மெக்ஸும் வெவ்வேறு கைகளில் இருந்தபோது என்பது மனங்கொள்ளத்தக்கது. 2008இன் முடிவில் மூன்றும் ஒரே உடைமை. 2014 மார்ச் மாதத்தில், அடுத்த பதிப்பே சொப்ட்இமேஜின் இறுதிப் பதிப்பு என ஓட்டோடெஸ்க் அறிவித்தது.

மென்பொருள் ஒன்றைக் கையாளும் திறன் நூலைப் படித்துப் பெறுவதன்று. ஆண்டுக்கணக்கான பழக்கத்தால் கைக்கும் கண்ணுக்கும் வருவது. சொப்ட்இமேஜை நம்பித் தொழில் கற்றவர்களுக்கு மாயாவையோ மெக்ஸையோ மேலதிகக் கட்டணமின்றிப் பெற்றுக்கொள்ள வாய்ப்பளிக்கப்பட்டது. பழக்கத்தை அவ்வாறு மாற்றிக் கொடுக்க இயலாது. தொழிலாளியின் தேர்ச்சி அவனுக்கே உரியது என்று முதலாளித்துவம் கூறும். அத்தேர்ச்சி செயற்படும் கருவி பிறரின் உடைமையாக இருக்கையில், அந்த உடைமையாளன் கையெழுத்திடும் ஒரு தீர்மானம் தேர்ச்சியின் சந்தைப் பெறுமதியை ஓரிரவில் அழித்துவிட வல்லது.

ஷேக் என்ற காட்சி இணைப்பு மென்பொருளின் கதையும் இத்தகையதே. அப்பிள் நிறுவனம் 2002இல் அதனை வாங்கி, தன் கணினிகளின் விற்பனைக்குத் துணையாக்கி, 2006இல் விலையை 499 டொலராகக் குறைத்தது. அதே வேளையில் அதன் வளர்ச்சியை நிறுத்தி, வேண்டுவோர் மூலநிரல் உரிமத்தை 50,000 டொலருக்குப் பெறலாம் என்றது. பெரிய கலைக்கூடங்கள் தமது கருவியைக் காத்துக்கொள்ள வழியிருந்தது, தனியாளுக்கு இல்லை. 2009இல் ஷேக் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. அதன் இடத்தைப் பிடித்த நியூக், டிஜிட்டல் டொமெய்ன் கலைக்கூடத்தின் உட்பயன்பாட்டுக்காக எழுதப்பட்டு, 2007இல் லண்டனின் பவுண்டரி நிறுவனத்திடம் சென்றது. பவுண்டரியோ கார்லைல், எச்.ஜி. கப்பிற்றல் என்ற முதலீட்டு நிறுவனங்களைக் கடந்து 2019இல் 410 மில்லியன் பவுணுக்கு றோப்பர் ரெக்னோலொஜிஸின் உடைமையாயிற்று.

இதற்கிடையில் உடைமையின் வடிவமே மாறியது. 2016 தொடக்கம் ஓட்டோடெஸ்க் மாயா போன்றவற்றின் நிரந்தர உரிமத்தைப் புதிதாக விற்பதை நிறுத்தி, அவற்றைத் தவணைக் கட்டணத்துக்கே வழங்கியது. சொப்ட்இமேஜின் இறுதிப் பதிப்புக்கு நிரந்தர உரிமம் வைத்திருந்தவர், கம்பனி கைவிட்ட பின்னரும், தம் பழைய கணினியில் அதனை இயக்கலாம். வாடகைக்குப் பெற்றவரிடம் அவ்வாறு எஞ்சுவது எதுவுமில்லை. விளைச்சல் எதுவாயினும் குத்தகையைச் செலுத்தியே தீரவேண்டிய உழவனின் நிலையோடு இதனை ஒப்பிடத் தோன்றுகிறது.

விதிவிலக்குகள் உண்டு, அவற்றை மறைப்பது ஆய்வாகாது. ஒம்னிபஸின் இடிபாட்டிலிருந்து எழுந்த சைட் எஃபெக்ட்ஸ், 1996இல் ஹூடினியை வெளியிட்டு, இன்றுவரை பெருநிறுவனம் எதற்கும் விலைபோகாமல் உள்ளது. மற்றையது நெதர்லாந்தில் தொன் றோசெண்டால் உருவாக்கிய பிளெண்டர். முதலீட்டாளர் பின்வாங்கி, கம்பனி 2002இல் மூடப்பட்டபோது, பயன்படுத்துவோரே ஏழு வாரங்களில் 100,000 யூரோ திரட்டி மூலநிரலை மீட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் அது பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. அதனைக் கொண்டு ஆக்கப்பட்ட புளோ என்ற லத்வியப் படம் 2025இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது.

எனினும் பிளெண்டரைச் சந்தைக்கு வெளியே நிற்கும் தீவாகக் கருதுவது பிழை. 2019இல் எபிக் கேம்ஸ் அதற்கு 1.2 மில்லியன் டொலர் வழங்க முன்வந்தது. வரைகலைச் செயலிகளை விற்கும் என்விடியாவும் ஏ.எம்.டி.யும் அதன் வளர்ச்சி நிதியில் சேர்ந்தன. தம் பண்டத்துக்கு வேலைகொடுக்கும் மென்பொருள் செழிக்க வேண்டும் என்பது செயலி விற்போரின் கணக்கு; 1994இல் மைக்ரோசொப்ட் சொப்ட்இமேஜை நாடியதும் ஏறத்தாழ இதே கணக்கினாலேயே. பணம் கொடுப்போர் நாளை விலகிச் சென்றால் சம்பளம் பெறும் நிரலாளர் சிலர் குறையக்கூடும். ஆனால் 2014 மார்ச்சில் வெளியானது போன்ற ஓர் அறிவித்தலை பிளெண்டரைக் குறித்து வெளியிடும் அதிகாரம் அவர்களுள் எவருக்கும் இல்லை.