காமா தூக்கிய கல்லும் என் எக்ஸெல் ஷீட்டும்

பரோடாவுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. (ஊர்ப் பேர் வடோதரா என்று மாறினாலும் நம்மாட்கள் வாயில் இன்னும் பரோடாதான்.) ஊரிலிருந்து யார் வந்தாலும் ஸயாஜி பாக் மியூசியத்துக்குக் கூட்டிப்போவது என் வேலை. எல்லோரும் எகிப்து மம்மியையும் திமிங்கில எலும்புக்கூட்டையும் பார்க்க ஓடுவார்கள். அங்கேயே ஒரு பெரிய கல்லும் இருக்கிறது. அதன் முன்னால் போன வருஷம்தான் ஒழுங்காக நின்றேன்.

காரணம் அம்மா. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்த அன்று, காரிலிருந்து வீல்சேருக்கு அவளைத் தூக்கி வைக்க என்னால் முடியவில்லை. மொத்தம் 48 கிலோ. செக்யூரிட்டி பையன் ஓடிவந்து அலுங்காமல் தூக்கினான். "விடுல, உனக்கு மூச்சு வாங்குதுல்லா" என்று அம்மாதான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அன்று ராத்திரியே உடம்பைத் தேற்றுவது என்று முடிவு. பொறியாளன் முடிவெடுத்தால் என்ன செய்வான்? எக்ஸெல் ஷீட் திறப்பான். எத்தனை கிராம் புரதம், எத்தனை செட், நடுவில் எத்தனை நொடி ஓய்வு, காலையா சாயங்காலமா... நாலு மாசம் படித்தேன். ஷீட்டில் ஏழு டேப். தண்டால் ஒன்றுகூட எடுக்கவில்லை. தங்கமணி அந்த ஃபைலுக்கு 'பயில்வான்' என்று பேர் மாற்றி வைத்திருந்தாள்.

இனி அந்தக் கல். இரண்டரை அடி உயரம், 1200 கிலோ என்கிறார்கள். 1902 டிசம்பர் 23 அன்று காமா பயில்வான் இதைத் தூக்கினாராம். எனக்கு நம்பிக்கை இல்லை. பார்பெல் டெட்லிஃப்டில் இன்றைய உலக சாதனையே 500 கிலோவைக் கொஞ்சம் தாண்டித்தான் நிற்கிறது. தவிர, 1902-ல் இந்தியாவில் ஏது கிலோ? மணும் சேரும்தான். அந்தக் கணக்கு பின்னால் போட்டது. ஆனால் இருபத்து சொச்சம் வயசுப் பையன் அதைக் கொஞ்சம் அசைத்திருந்தாலே அது பெரிய விஷயம்தான்.

காமாவின் நிஜப் பேர் குலாம் முகம்மது. அமிர்தசரஸ் பக்கத்து மல்யுத்தக் குடும்பம். அப்பா சீக்கிரமே போய்விட்டார். 1888-ல் ஜோத்பூரில் ஒரு உடற்பயிற்சிப் போட்டி. நானூறுக்கும் மேற்பட்ட பயில்வான்கள் மத்தியில் பத்து வயசுப் பொடியன் பஸ்கி எடுத்தே கடைசி பதினைந்து பேருக்குள் நின்றான், மகாராஜா அவனையே ஜெயித்தவனாக அறிவித்தார் என்று அவர் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். தினம் 5000 பஸ்கி, 3000 தண்டால் என்றும் சொல்வார்கள். பாதியைத் தள்ளுபடி செய்தாலும் மிச்சம் என் ஏழு டேப்பிலும் அடங்காது.

எனக்குப் பிடித்தது 1910 லண்டன் கதை. செப்டம்பர் 10 அன்று போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவுடன் மோதல். மனிதர் நன்றாகப் படித்தவர், யோசிக்கத் தெரிந்தவர். யோசித்து என்ன செய்தார்? தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டார்! இரண்டரை மணி நேரத்துக்கு மேல் காமாவால் அவரைப் புரட்ட முடியவில்லை, டிரா. 17-ம் தேதி மறுபடி வரச்சொன்னால் ஸ்பிஸ்கோ வரவே இல்லை, காமாவுக்கு வெற்றி. பிறகு 1928-ல் பாட்டியாலாவில் இருவரும் திரும்ப மோதினார்கள். காமாவுக்கு அப்போது வயசு ஐம்பதை நெருங்கியிருந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ஸ்பிஸ்கோ மல்லாந்துவிட்டார்.

அதற்காக யோசனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. இதே பரோடாவில்தான் மஜும்தார் என்பவர் 1936-லிருந்து உடற்பயிற்சிக்கென்றே மராத்தியில் பத்துத் தொகுதி கலைக்களஞ்சியம் கொண்டுவந்தார். அக்காடாவிலும் யோசனை உண்டு; ஆனால் அது உஸ்தாத் தலையில் இருக்கும். சிஷ்யன் வேலை மண்ணைக் கொத்திவிட்டு பஸ்கி எடுப்பது. நம் ஜிம்மில் உஸ்தாதும் நாமே, சிஷ்யனும் நாமே. உஸ்தாத் பேசிக்கொண்டே இருக்கிறார், சிஷ்யன் சோபாவில்.

இன்னொரு சமாதானம்: எடை அதிகமோ குறைவோ, இனி முடியாது என்கிற இடத்துக்குப் பக்கம்வரை போனால் தசையின் அளவு கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளர்கிறது என்று இன்றைய ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. (பலம் கூடுவதற்குக் கனமான எடைதான் மேல்.) இதைத் தெரிந்துகொள்ளவும் நான் ஒரு டேப் செலவழித்தேன் என்பது வேறு விஷயம்.

மியூசியத்திலிருந்து வந்த மறுநாள் விடிகாலை பால்கனியில் ஆரம்பித்தேன். முதல் நாள் தண்டால் ஆறு. ஏழாவதில் மூக்கு தரையில். மறுநாள் சட்டை மாட்டக் கை தூக்க முடியவில்லை. இப்போது எட்டு மாசம். நாற்பது தண்டால், நூறு பஸ்கி, தோளில் ஒரு அரிசி மூட்டை.

போன ஞாயிறு அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கி பால்கனி நாற்காலியில் உட்கார வைத்தேன். செக்யூரிட்டி பையனைக் கூப்பிடவில்லை.

"பையத் தூக்குல, நான் என்ன கல்லா?" என்றாள்.